முனியறையும் ஒன்பதாம் பாடமும்





எல்லாரும் அறிந்திருந்தும் ஒருவரும் அறியாதார் போலவே நடந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. நாம் இறப்போம் என்பதே அது. அடுத்த வீட்டில் பறை முழங்கும்போது ஒரு நாழிகை நினைக்கிறோம். குளித்துவிட்டு வந்து உணவில் அமர்ந்ததும் மறந்துவிடுகிறோம். இந்த மறதியைப் போக்கவே பகவன் புத்தர் தம் பிக்குகளை மயானத்துக்கு அனுப்பினார். அவ்வாறு அனுப்பப்பட்டவர் போல் நம் சங்கத்தார் பதினெண்மர் சென்ற தையில் மறையூருக்குப் போய் வந்தோம். அங்கே கண்டதையும், கண்டபின் நம் உள்ளத்தில் எழுந்ததையும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே அமராவதி அணைப் பக்கமாகச் சென்று, சின்னாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. காட்டு வழியே மலை ஏறினால் மறையூர். சந்தன மரக்காடும் கரும்புத் தோட்டமும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையும் நிறைந்த ஊர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பர். பாண்டி நாட்டிலிருந்து முன்னாளில் குடியேறியவர்களின் வழியினர் இன்றும் அங்கே தமிழ் பேசி வாழ்கின்றனர். கோயில்கடவில் பாம்பாறு ஓடுகிறது. கேரளத்து ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாய்வன மூன்றே. அவற்றுள் ஒன்றாகிய இது மலையிறங்கி வந்து நம் அமராவதியில் கலக்கிறது.

அவ்விடத்துப் பாறைமேடுகளின் மேல்தான் முனியறைகள் உள்ளன. நான்கு பலகைக் கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அவற்றின்மேல் ஐந்தாவதாக ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றியிருக்கிறார்கள். ஒருவர் குனிந்து நுழைந்து உட்காரலாம். நிமிர்ந்து நிற்க இயலாது. சில முழுமையாக நிற்கின்றன. பல மூடி சரிந்தும், பக்கக்கல் உடைந்தும் கிடக்கின்றன. முற்காலத்தில் முனிவர் உள்ளே அமர்ந்து தவம் புரிந்தனர் என்று மக்கள் நம்பினர். அதனாலேயே அப்பெயர் வந்தது. பாண்டவர் வனவாச காலத்தில் தங்கியவை என்று கூறுவாரும் உளர். கொங்கு நாட்டில் இத்தகைய கல்லறைகளைப் பாண்டியன் குழி என்றும், குள்ள மனிதராகிய வாலியரின் வீடு என்றும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

தொல்பொருள் ஆராய்ச்சியாளர் இவற்றைப் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்கின்றனர். இரும்பைப் பயன்படுத்தக் கற்ற மக்கள், இன்றைக்கு ஈராயிரம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், தம் இறந்தோர்க்காக எடுத்த இல்லங்கள் இவை. மறையூரில் அவை பாறையின்மேல் வெளிப்பட நிற்கின்றன. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே சென்றாலோ அவை நிலத்தினுள் இறங்கிவிடுகின்றன. பட்டாம்பி வட்டத்து ஆனக்கரையிலும், அதை அடுத்த திருச்சூர் மாவட்டத்துச் சேரமானங்காட்டிலும் விரித்த குடைபோன்ற குடக்கற்கள் புதைகுழிகளின்மேல் கவிந்திருக்கின்றன. சொவ்வன்னூர், எய்யால், காட்டகாம்பால் ஆகிய ஊர்களில் வெட்டுக்கல் நிலத்தை மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, படி வைத்து, சிறு வாயில் விட்டு, உள்ளே திண்ணையோடு அறை அமைத்திருக்கின்றனர். இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியல் துறையினர் இவற்றை அகழ்ந்தும் அளந்தும் எழுதி வைத்தனர்.

இச்செய்திகளை நாம் அந்தப் பாறைமேட்டில் நின்று நம் அன்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். அப்போது எம்முடன் வந்திருந்த அம்மையார் ஒருவர் ஓர் அறையின் முன் குந்தி, உள்ளே நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு எம்மை அழைத்தார்.

“தம்பி, எலும்பு எங்கே?”

இந்த அம்மையாரைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். பௌர்ணமி தவறாமல் நம் விகாரைக்கு வந்து விளக்கேற்றுபவர். மூன்றாண்டுகளுக்கு முன், இருபத்தாறு வயது நிரம்பிய தம் ஒரே மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவர். மின் மயானத்தில் எரித்தபின் தந்த அஸ்திக் கலயத்தை ஆற்றில் கரைக்கச் சம்மதியாமல், வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டு அலமாரியின்மேல் வைத்திருந்தார். சலவைக்கல்லில் மகனுக்கு ஒரு சமாதி எழுப்பவேண்டும் என்று கூலிப் பணத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தும் வந்தார். நாம் பலமுறை அநித்தியத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். தலையசைத்துக் கேட்பார், கலயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

“அக்கா, எலும்பு இல்லை. வைத்த எலும்பை மழையும் மண்ணும் தின்றுவிட்டன” என்றோம்.

இது மழை மிகுந்த நாடு. புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் எலும்பின் சுண்ணம் கரைந்துவிடும். மேற்கே வெட்டுக்கல்லில் குடைந்த அறைகளிலும் மட்கலமும் இரும்புக் கருவியும் கிடைக்கும் அளவுக்கு எலும்பு கிடைப்பதில்லை. மூடி சரிந்த முனியறைகளில் புதையல் இருக்கும் என்று எண்ணித் தோண்டியோரும் உண்டு. கள்வர் கைவைக்காவிட்டாலும் காலம் கைவைத்தே தீரும்.

அவர் மறுபடியும் கேட்டார்: “வேறு எங்கேயும் எலும்பு இருக்கிறதா?”

இருக்கிறது. தாமிரபரணிக் கரையில், திருவைகுண்டத்தை அடுத்த ஆதிச்சநல்லூரில் இருக்கிறது. நாம் முந்திய ஆண்டு அங்கே சென்றிருந்தோம். நூற்றுப் பதினான்கு ஏக்கர் பரப்புள்ள அந்தப் பரம்பில் 1876-இல் ஜெர்மானியராகிய ஜாகோர் என்பார் முதன்முதல் தோண்டினார். பின்பு 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பார் அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலப் பொருள்களையும் இரும்புக் கருவிகளையும் எடுத்தார். 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது சிறிய பரப்பிலேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த பொருள்களை ஆராய்ந்து கிறிஸ்துவுக்கு முன் 905, 696 என்னும் காலக் கணிப்புகளைக் கூறியிருக்கின்றனர். 2023-ஆம் ஆண்டில் தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, அவற்றின்மேல் கண்ணாடித் தளம் அமைத்துக் காட்சிக்குத் திறந்தனர். அக்கண்ணாடியின்மேல் நின்று குனிந்து பார்த்தால், காலடியில் தாழியும் தாழிக்குள் மனித எலும்பும் தெரிகின்றன. பள்ளிச் சிறுவர் ஆரவாரத்தோடு வந்தனர். கண்ணாடியின்மேல் கால் வைத்ததும் பேச்சடங்கி நின்றனர்.

இத்தாழிகளை முதுமக்கள் தாழி என்பர். இதற்கும் நாட்டுப்புறத்தில் ஒரு கதை உண்டு. முற்காலத்தில் மக்கள் முதுமையால் சுருங்கிச் சிறுத்துப் போவார்களாம், ஆனால் இறக்கமாட்டார்களாம். அவர்களைத் தாழியில் உட்கார வைத்து, சோறும் விளக்கும் வைத்து, மண்ணில் இறக்கிவிடுவார்களாம். இக்கதையைக் கேட்டுச் சிரிப்பதற்கு முன் சற்று எண்ணிப் பாருங்கள். முனியறையில் முனிவர் இருந்தார் என்பதும், வாலியர் வாழ்ந்தார் என்பதும், தாழியில் சாகாதவர் அமர்ந்தார் என்பதும் ஒரே ஆசையில் விளைந்த கதைகளாகவே நமக்குத் தோன்றுகின்றன. பிணம் வைத்த இடம் என்று சொல்ல நா எழவில்லை. உயிரோடு ஒருவர் இருந்த இடம் என்று சொல்லிக்கொண்டோம்.

பகவன் அப்படிச் சொல்லிக்கொள்ள விடவில்லை. நினைவை நிலைநிறுத்தும் சதிபட்டான உபதேசத்தில் ஒன்பது மயானப் பாடங்களை வைத்தார். முதலில், ஓரிரு நாள் கிடந்து வீங்கி நிறம் மாறிய உடல். பின், காக்கையும் நாயும் உண்ணும் உடல். பின், தசையும் குருதியும் ஒட்டிய எலும்புக்கூடு. தசை போய்க் குருதிக் கறை மட்டும் உள்ள கூடு. நரம்பு மட்டும் பிணித்த கூடு. பின், கை ஒரு திசையும் கால் ஒரு திசையுமாகச் சிதறிய எலும்பு. பின், சங்குபோல் வெளுத்த எலும்பு. பின், ஆண்டு கடந்து குவிந்து கிடக்கும் எலும்பு. ஒன்பதாவதாக, உளுத்துப் பொடியாகிப்போன எலும்பு. ஒவ்வொன்றையும் கண்டபின், என் உடலும் இத்தன்மையதே, இதைக் கடந்ததன்று என்று பிக்கு தன்மேல் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்பது விதி. பதின்மூன்று துதாங்க விரதங்களுள் மயானத்திலேயே தங்குவதும் ஒன்று.

ஆதிச்சநல்லூரில் நாம் கண்டது எட்டாம் பாடம் வரையில்தான். ஒன்பதாம் பாடத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்ட எந்த அரசாலும் இயலாது. காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இராது. மறையூரின் வெற்றறையே ஒன்பதாம் பாடம். முனியறை என்று பெயரிட்டவர் வரலாற்றில் தவறியிருக்கலாம். ஆயினும் அதன்முன் அமர்ந்து உண்மையை நோக்குகிறவன் அந்த நேரத்திலேனும் முனிவன் ஆகிறான். அப்போது அப்பெயர் பொருந்திவிடுகிறது.

நண்பர்களே, எலும்பைப் பற்றி நம் சாத்திரங்களில் வரும் மற்றொரு வரலாற்றையும் இங்கே நினைவூட்டுகிறோம். வங்கீசர் என்னும் பிராமணர் ஒருவர் இருந்தார். மண்டையோட்டை விரலால் தட்டிப் பார்த்து, இவன் இன்ன இடத்தில் மறுபிறவி எடுத்தான் என்று சொல்லும் வித்தையால் ஊர் ஊராகப் பொருளீட்டினார். பகவன் அவர்முன் சில மண்டையோடுகளை வைக்கச் செய்தார். நரகில் பிறந்தவன், மனிதனாகப் பிறந்தவன், தேவனாகப் பிறந்தவன் என வங்கீசர் ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தார். கடைசி ஓட்டைத் தட்டினார், திருப்பினார், மறுபடி தட்டினார், வியர்த்து நின்றார். அது ஆசையை அறுத்த அருகதர் ஒருவரின் ஓடு. அதை அறியும் வித்தையைக் கற்கவே வங்கீசர் துறவு பூண்டார். கற்று முடித்தபோது தாமும் அருகதரானார்.

மண்டையோட்டை அளந்து இவன் இன்ன இனத்தான், இவன் உயர்ந்தவன், இவன் தாழ்ந்தவன் என்று நூல் எழுதிய வங்கீசர்கள் நம் காலத்திலும் பலர் இருந்தனர். இன்று விஞ்ஞானம் வேறு வழியில் செல்கிறது. கீழடியை அடுத்த கொந்தகையில் 2020 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் தாழிகளை அகழ்ந்தனர். அங்கே கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் கணினியின் துணையால் முகம் வடித்து, 2025-இல் வெளியிட்டனர். பத்திரிகையில் அப்படத்தைக் கண்டு நம் சங்கத்தில் ஒருவர் “என் பெரியப்பாவைப்போல் இருக்கிறதே” என்றார். மற்றொருவர் தம் மாமனாரின் முகம் என்றார். அம்முகத்தைப் பார்த்துச் சாதி சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

நாம் இளமையில் பஞ்சாலையில் உழைத்தபோது, பல ஊர்ப் பருத்திப் பொதிகளை ஓரிடத்தில் உடைத்துக் கலப்பதை நாள்தோறும் கண்டிருக்கிறோம். கதிரில் ஏறிய நூலைப் பிடித்து, இது எந்தக் காட்டுப் பருத்தி என்று கேட்டால் முப்பதாண்டு அனுபவமுள்ள மேஸ்திரியும் விழிப்பார். மண்ணில் கலந்த மனிதரும் அப்படியே.

முன்னோர் காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அது உண்மையன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே சேர நாட்டுத் துறைமுகத்துக்குச் சென்ற பெருவழியில், நொய்யற் கரையில் உள்ளது கொடுமணல். அங்கே ஒரே கல்லறையில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. ஆதிச்சநல்லூரிலும் எல்லாத் தாழியிலும் பொற்பட்டம் இல்லை. அன்றும் உடையவர் இருந்தனர், இல்லாதவர் இருந்தனர். ஆனால் மணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை அணிந்தவர் எங்கே?

இது கேட்டும் நம் நாடு திருந்தவில்லை. எம் அன்னையார் மறைந்தபோது, ஊர்த் தெரு வழியே பாடை செல்லலாகாது என்று வழிமறித்தார்கள். மாரிக்காலம். நெல்வயலின் வரப்பின்மேல் சுமந்து சென்றோம். கால் வழுக்கிப் பாடை ஒருபுறம் சாய, அன்னையின் கை வெளியே நழுவிச் சேற்றில் பட்டது. அந்தக் கையைத் துடைத்து உள்ளே வைத்தவர் நாமே. அது பழங்கதை என்று எண்ணாதீர். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த ஓர் ஊரில் மயானத்துக்கு வழி கிடைக்காமல், ஆதிதிராவிடர் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டி இறக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது கொடுமையாயிருந்தது. ஒன்பதாம் பாடத்தைக் கல்லாதவரே எட்டடி மண்ணுக்கு வேலி கட்டுவர்.

தமிழ்ப் பௌத்தராகிய நமக்கு இப்பாடம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிக் கூறும் பகுதியை எடுத்துப் படியுங்கள். எரிப்பவர், வெளியில் இடுபவர், குழிதோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த அறையில் வைத்து அடைப்பவர், தாழியால் கவிப்பவர் என ஐவகையாரும் ஒரே கோட்டத்துக்கு வந்து சேர்வதைப் புலவர் காட்டுகிறார். மறையூரும் சொவ்வன்னூரும் ஆதிச்சநல்லூரும் அந்த ஒரே பகுதியில் அடங்கிவிடுகின்றன. அங்கேதான் சார்ங்கலன் என்னும் பார்ப்பன இளைஞன், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடிய பேயைக் கண்டு அஞ்சி உயிர் துறந்தான். அவன் தாய் கோதமை உடலைத் தழுவிக்கொண்டு, என் உயிரை எடுத்து என் மகனுக்குக் கொடு என்று சம்பாபதித் தெய்வத்திடம் அழுதாள். தெய்வம் என்ன செய்தது? உலகத்துத் தேவர் அனைவரையும் அவள்முன் அழைத்து நிறுத்தியது. போன உயிரை மீட்க ஒருவராலும் ஆகாது என்று அவர்கள் வாயாலேயே கேட்கச் செய்தது. தாய் தெளிந்து, மகனை ஈமத்தில் இட்டாள். பொய்யான வரம் ஒன்றைத் தராமல் உண்மையைத் தந்ததே அத்தெய்வத்தின் கருணை.

மறையூர்ப் பாறைமேட்டில் இக்கதையை அந்த அம்மையாருக்குச் சொல்ல நாம் வாயெடுத்தோம். அவர் நம்மைப் பார்க்கவில்லை. முனியறையின் பக்கக்கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“இந்தக் கல்லை இங்கே கொண்டுவர எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள் தம்பி?”

“பலர் தூக்கியிருக்கவேண்டும் அக்கா.”

“அவர்களில் ஒருத்தி தாயாக இருந்திருப்பாள்.” சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “மகனும் இல்லை. அவளும் இல்லை. அவள் அழுத அழுகையும் இல்லை. கல் மட்டும் யாருக்காக நிற்கிறது என்று தெரியாமல் நிற்கிறது.”

உபாசகர்களே, முப்பதாண்டுகளாகத் தம்மம் பேசிவருகிறோம். இறந்தவர் மறைவதைப் பலவாறு விளக்கியிருக்கிறோம். இறந்தவரை நினைத்து அழுதவரும், அந்த அழுகையும் மறைவதை ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை. மூவாயிரம் ஆண்டுத் துயரத்தில் ஒரு துளியாவது அந்த அறையில் தேங்கி நிற்கவேண்டுமே, தேடினால் இல்லை. துக்கமும் அநித்தியமே என்பதை அன்று அவர் எமக்குப் போதித்தார். நாம் கைகூப்பி நின்றோம்.

ஊர் திரும்பிய பின், மகன் மறைந்த நாளில் அவர் நம்மையும் சில அன்பர்களையும் அழைத்தார். அலமாரிமேல் இருந்த கலயத்தைத் தாமே எடுத்துவந்து, பொது மயானத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் குழிவெட்டி, சாம்பலைக் கொட்டி மூடினார். மேலே கல் வைக்கவில்லை. சமாதிக்கென்று சேர்த்த பணத்தை, மழையில் சேறாகும் அம்மயானப் பாதைக்குச் சரளை கொட்ட நம் சங்கத்தாரிடம் ஒப்படைத்தார். “யாரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் கால் வழுக்கக்கூடாது” என்றார். எம் அன்னையின் கதையை அவரிடம் நாம் சொன்னதில்லை.

அப்படியானால் தூபி எழுப்பி வணங்குவது தவறா என்று சிலர் கேட்கலாம். குசினாராவில் பகவன் பரிநிர்வாணம் அடைந்தபின் எண்மர் அஸ்திக்காகப் போர்புரிய முற்பட்டனர். துரோணர் என்னும் பிராமணர் எட்டுப் பங்காகப் பிரித்துப் போரைத் தவிர்த்தார். பங்கிட்ட கலத்தைத் தமக்கென வைத்துக்கொண்டார். பின்வந்த மோரியர் எஞ்சிய கரியை ஏற்றனர். ஆகவே நம் தூபிகளும் ஈமச் சின்னத்தின் வழிவந்தவையே. சேரமானங்காட்டுக் குடக்கல்லில் குடை கவிந்திருப்பதுபோல் தூபியின் உச்சியிலும் குடை நிற்கிறது. தூபியை வலம்வரும்போது உள்ளே கிடக்கும் எலும்பை மட்டும் எண்ணினால் அது வெறும் கல்லறை. அந்த உடல் நாற்பத்தைந்தாண்டு நடந்து காட்டிய வழியை எண்ணினால் அது தூபி.

இனி, முனியறைகளைக் காணச் செல்லும் அன்பர்களுக்குச் சில சொற்கள். கல்லின்மேல் ஏறாதீர், பெயர் கீறாதீர். மண்ணைக் கிளறாதீர், ஓட்டுத்துண்டோ மணியோ கிடந்தால் கிடந்த இடத்திலேயே விடுங்கள். அது நமக்குக் கொடுக்கப்படாத பொருள்; எடுப்பது இரண்டாம் சீலத்துக்குப் பழுது. வாயிலின்முன் கால்நாழிகையேனும் பேசாமல் அமருங்கள். வைத்தவரை எண்ணுங்கள், வைக்கப்பட்டவரை எண்ணுங்கள், பின்பு உங்களை எண்ணுங்கள். யாரிடம் பகை மீதமிருக்கிறது என்று உள்ளத்தைக் கேளுங்கள். மலையிறங்கியதும் அதைத் தீர்க்கப் புறப்படுங்கள்.

மறையூர் செல்ல வசதியில்லாதவர் வருந்தவேண்டாம். உங்கள் ஊர்க் கோடியிலும் ஒரு மயானம் உண்டு. அடுத்த பௌர்ணமியன்று பகல் வேளையில் அங்கே சென்று, அதற்குப் போகும் பாதை எல்லார்க்கும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் முள்ளை அகற்றுங்கள். அடைத்திருந்தால் பஞ்சாயத்தாரிடமும் அதிகாரிகளிடமும் மனுவோடு செல்லுங்கள். சங்கத்தார் நாம் உடன் வருகிறோம். ஒன்பதாம் பாடத்தைக் கற்றவன் செய்யவேண்டிய முதல் தருமம் அதுவே.

உயிர்கள் யாவும் பகையின்றி, பயமின்றி, நலமுற வாழ்க!

சாது! சாது! சாது!